மண்ணீரல் பலவீனம் என்றார் சீன வைத்தியர்: கஞ்சியா, பயிற்சியா, ஊசியா, கஷாயமா?

சீன வைத்தியரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, மதியத்தில் கண் சொக்குகிறது, கை கால் கனக்கிறது என்று போயிருப்பார்கள். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லி, ஓரங்களில் பல் பதிந்திருப்பதைக் கவனித்திருப்பார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்திருப்பார். மண்ணீரல் பலவீனம், உடம்பில் ஈரம் தங்கியிருக்கிறது என்று சொல்லி, ஒரு கஷாயச் சீட்டையும், அக்குபங்சர் ஊசிக்கு அடுத்தடுத்த வாரங்களில் நேரத்தையும் கொடுத்திருப்பார். வீட்டுக்கு வந்தால், மேல்மாடிச் சீனப் பாட்டி, மருந்தெல்லாம் எதற்கு, தாமரை விதை போட்டுக் கஞ்சி குடி என்கிறார். காலையில் பூங்காவில் கைகளை உயர்த்தித் தாழ்த்துகிறவர்கள், எங்களோடு வந்து நில்லுங்கள், போதும் என்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்களுக்கு இந்த நான்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எதில் தொடங்குவது என்பதில்தான் குழப்பம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீன மருத்துவத்தின் உறுப்புக் கணிப்பு நுட்பமானது, ஆனால் உறுதியானது அல்ல. கணிப்பு தவறாகிப் போனால் எதை எளிதாக நிறுத்திவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமோ, அதில் தொடங்குவதே சரி.

## வைத்தியர் சொல்லும் உறுப்பு எது

சீன மருத்துவத்தின் மூல நூலான ஹுவாங்டி நெய்ஜிங் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தொகுக்கப்பட்டது. அது உடம்பை ஓர் அரசவையாகக் காட்டுகிறது. இதயம் மன்னர். நுரையீரல் அமைச்சர். கல்லீரல் வியூகம் வகுக்கும் படைத்தலைவர். பித்தப்பை தீர்ப்புச் சொல்பவர். மண்ணீரலும் இரைப்பையும் களஞ்சிய அதிகாரிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி, அந்தப் பதவிக்குரிய வேலைகள். வைத்தியர் விசாரிப்பதெல்லாம் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதைத்தான். அந்தச் சதைத் துண்டு எப்படி இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை.

அதனால்தான் களஞ்சியப் பொறுப்பிலிருக்கும் மண்ணீரல் சாப்பாட்டைச் சத்தாக மாற்றி உடம்பெங்கும் அனுப்ப வேண்டும், தசைகளுக்கு வலுவூட்ட வேண்டும், இரத்தம் குழாயை விட்டுக் கசியாமல் பிடித்துவைக்க வேண்டும். அளவுக்கு மீறிய சிந்தனை அதைக் கெடுக்கும். கல்லீரலுக்குக் கோபமும் கண்களும் தசைநாண்களும் உரியவை. நுரையீரலுக்குத் துக்கமும் தோலும் மூக்கும். சிறுநீரகத்தின் இலாகா இன்னும் பெரியது: பயம், எலும்பு, காது, தலைமுடி, வளர்ச்சி, பிள்ளைப்பேறு எல்லாம் அதன்கீழ் வருகின்றன. பெண்ணின் வாழ்க்கை ஏழேழு ஆண்டுகளாகவும் ஆணின் வாழ்க்கை எட்டெட்டு ஆண்டுகளாகவும் நகர்வதாக நெய்ஜிங் சொல்வது இந்தச் சிறுநீரகத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான்.

அறுவைச் சிகிச்சையில் மண்ணீரலை எடுத்துவிட்டவருக்கும் சோறு செரிக்கத்தான் செய்கிறது. நோய்த்தொற்றில்தான் அவர் கவனமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கும் மண்ணீரல் பலவீனம் என்று சீன வைத்தியர் சொல்லக்கூடும், அதில் அவருக்கு எந்த முரணும் தெரியாது. ஆகவே ஸ்கேனில் மண்ணீரல் நன்றாக இருப்பது அவருடைய கணிப்பை மறுப்பதும் ஆகாது, உறுதிசெய்வதும் ஆகாது. இதே விஷயம் மறுபக்கமாகத் திரும்பும்போதுதான் ஆபத்து. சிறுநீரகம் காலி என்று கேட்டுவிட்டு டயாலிசிஸ் பயத்தில் தூக்கம் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் நிஜமாகவே ஏறிக்கொண்டிருக்கும்போது சிறுநீரகத்தை வலுப்படுத்தும் சூரணத்தை நம்பி உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

நாளின் ஒவ்வொரு இரண்டு மணி நேரத்தையும் ஓர் உறுப்புக்கு ஒதுக்கும் உறுப்புக் கடிகாரத்துக்கும் இதையே சொல்வேன். இரவு 1 முதல் 3 மணி கல்லீரலின் நேரம், அப்போது விழிப்பு வந்தால் கோபம் அடைபட்டிருக்கிறது என்பார்கள். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் தினமும் இரண்டு மணிக்கு எழுகிறவர் முதலில் பார்க்க வேண்டியவை சர்க்கரை அளவு, சிறுநீர்த் தொந்தரவு, குறட்டையோடு மூச்சு தடைபடுகிறதா என்பவை.

கணிப்பு எவ்வளவு நிலையானது? அமெரிக்காவில் முடக்குவாத நோயாளிகளை மூன்று சீன வைத்தியர்கள் தனித்தனியே பார்த்துக் கணித்த ஓர் ஆய்வு உண்டு. அவர்களுடைய கணிப்புகள் ஒத்துப்போனது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஒருவருக்கு மண்ணீரலாகத் தெரிவது இன்னொருவருக்குக் கல்லீரலாகத் தெரிகிறது. இந்தத் தடுமாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் முதலில் கேட்பது: உறுப்புக் கணிப்பு தவறாக இருந்தால் இந்த வழியில் எனக்கு என்ன கெடும்? இரண்டாவது, பிற மருத்துவ ஆய்வுகளில் இதற்கு ஆதாரம் உண்டா, எந்தத் தொல்லைக்கு? மூன்றாவது, நான் ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளோடு இது மோதுமா? நான்காவது, பணமும் நேரமும். ஐந்தாவதாக நம்மவர்களில் பலருக்கு ஒரு கேள்வி உண்டு: இது சைவமா, ஹலாலா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டுவிட்டு, பிறகு கஷாயத்தின் வண்டலைக் கண்டு திகைப்பவர்கள் அதிகம்.

## உணவு

தாங் அரச காலத்து வைத்தியர் சுன் ஸிமியாவ், நோயை முதலில் உணவால் கவனிக்க வேண்டும், அது பலிக்காதபோதுதான் மருந்தைத் தொட வேண்டும் என்று எழுதினார். மண்ணீரலுக்கென்று பரம்பரையாகச் சொல்லப்படும் கலவை தாமரை விதை, சீன வள்ளிக்கிழங்கு, ஃபூலிங் என்ற பூஞ்சைக் கட்டி, ச்சியான்ஷி என்ற நீர்த்தாவர விதை ஆகிய நான்கு. கடைசியாகச் சொன்னது வேறொன்றும் இல்லை, வட இந்தியக் கடைகளில் மக்கானா என்று பொரித்து விற்கும் அதே விதை. ஃபுஜியான் வழியினர் இதைப் பன்றிக் குடலோடு சேர்த்து வேகவைப்பார்கள். குடலை விட்டுவிட்டு அரிசியோடு கஞ்சியாகக் காய்ச்சினாலும் கலவையின் நோக்கம் மாறாது.

இந்த வழி நமக்குப் பழகியதுபோல் தோன்றக் காரணம் சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு. ஆட்டிறைச்சி சூடு, தர்பூசணி குளிர்ச்சி என்பதில் இரண்டு சமையலறைகளுக்கும் சண்டையே இல்லை. சண்டை வருவது தயிரில். பாலும் தயிரும் உடம்பில் ஈரத்தைச் சேர்க்கும், மண்ணீரல் பலவீனமானவர் தொடக்கூடாது என்பார் சீன வைத்தியர். வயிறு சரியில்லாத நாளில் தயிர்ச்சோறு சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இது தலைகீழ்ப் பாடம். வெறும் ருசிப் பிரச்சினையாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் முட்டைகூடச் சாப்பிடாத வீட்டில் புரதத்துக்கும் கால்சியத்துக்கும் பாலும் தயிரும்தான் முக்கிய ஆதாரம். ஆறு மாதம் நிறுத்தினால் அந்த நட்டத்தை யாருடைய கணக்கில் எழுதுவது? பாலால் வயிறு உப்புகிறதா என்று இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் தயிரைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மறைவான செலவு இன்னொன்று சர்க்கரை. குழையக் காய்ச்சிய வெள்ளைக் கஞ்சி இரத்தச் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும், அதில் சீன இலந்தையும் கற்கண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோஜிப் பழத்தை அள்ளிப் போடக்கூடாது, இரத்தம் உறையும் கணக்கை அது மாற்றிவிட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. மற்றபடி, கணிப்பு தவறாக இருந்தாலும் இந்த வழியில் நட்டம் ஒரு கிண்ணம் கஞ்சிதான். லேசான செரிமானத் தொல்லை, நேரம் தவறிய சாப்பாடு, ஐஸ் போட்ட பானம் இல்லாமல் நாள் நகராதவர்கள்: இவர்களுக்கு இதைவிட மலிவான தொடக்கம் இல்லை.

## பயிற்சி

பூங்காவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தாய் ச்சி அல்லது பாதுவான்ஜின். பாதுவான்ஜினில் எட்டே அசைவுகள், முழுவதும் செய்து முடிக்கக் கால் மணி நேரத்துக்குக் குறைவாகவே ஆகும். இப்போது பரவலாகச் செய்யப்படும் வடிவத்தை 2003 இல் சீன அரசின் விளையாட்டுத் துறை தரப்படுத்தி வெளியிட்டது. அசைவுகளின் பெயர்களே உறுப்புப் பாடம். ஒரு கையை வானத்துக்கும் மறு கையைத் தரைக்கும் நீட்டினால் மண்ணீரலும் இரைப்பையும் சீராகும். தலையை ஆட்டி இடுப்பைச் சுழற்றினால் இதயத்தின் தீ தணியும். குனிந்து பாதங்களைப் பிடித்தால் சிறுநீரகமும் இடுப்பும் உறுதிப்படும். முடிவில் குதிகாலை உயர்த்தி ஏழு முறை தரையில் தட்டினால் நூறு நோய் போகும்.

நூறு நோய் போகுமா என்பதை விட்டுவிடுங்கள். தாய் ச்சி முதியவர்கள் விழுவதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2012 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பார்கின்சன் நோயாளிகள் 195 பேரில் தாய் ச்சி செய்த குழு, எடைப்பயிற்சி செய்தவர்களையும் தசைநீட்டல் செய்தவர்களையும்விட நன்றாகச் சமநிலை காத்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், எட்டு அசைவையும் எல்லாரும்தான் செய்கிறார்கள் என்பது. உங்களுக்குக் கல்லீரலா மண்ணீரலா என்று கணிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

செலவு நேரம்தான், அதுவும் தினமும். முழங்கால் தேய்ந்தவர்கள் தாய் ச்சியில் தாழ்ந்து நிற்கும் நிலைகளை உயர்த்திக்கொள்ள வேண்டும். இலவசமாகக் கற்றுக்கொடுத்துவிட்டு இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆசான் கிடைத்தால், அசைவுகளைக் கற்றுக்கொண்டு அறிவுரையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

## ஊசி

அக்குபங்சரில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பாதை, அந்தப் பாதையில் புள்ளிகள். உலகச் சுகாதார நிறுவனம் தரப்படுத்திய பட்டியலில் 361 புள்ளிகள் இருக்கின்றன. செரிமானத்துக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் இருக்கும் ஸூஸான்லி என்ற புள்ளியைத்தான் பெரும்பாலும் தொடுவார்கள். ஊசி உள்ளே போவது அவ்வளவாகத் தெரியாது. போனபின் அதை மெல்லத் திருகும்போது ஒரு கனமான மந்த வலி பரவும். அது வந்தால்தான் வைத்தியர் தலையசைப்பார்.

ஆதாரம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதில் இந்த வழி மற்ற மூன்றையும்விடத் தெளிவானது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க 5 முதல் 8 வாரங்களில் 10 முறை வரை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று சொல்கிறது. வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கும் 2021 இல் அனுமதித்தது. அதே அமைப்பு 2016 இல் கீழ் முதுகு வலிக்கு அதை விலக்கியது. வயிற்று உப்புசத்துக்கோ சோர்வுக்கோ இந்த அளவு பலமான பரிந்துரை எதுவும் இல்லை.

2007 இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று சுவையானது. 1,162 கீழ் முதுகுவலிக்காரர்களில் முறைப்படி ஊசி போடப்பட்டவர்களில் 47.6 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. புள்ளிகளுக்கு வெளியே மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான். ஊசி ஏதோ செய்கிறது, ஆனால் எந்த உறுப்பின் எந்தப் புள்ளி என்பது அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. வைத்தியருக்கு இது சங்கடம், நமக்கு ஒரு வகையில் ஆறுதல்: கணிப்பு பிசகினாலும் இங்கே பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது.

கெடக்கூடியது கை பிசகினால். மார்பிலும் தோளிலும் ஆழமாகக் குத்தி நுரையீரலைத் துளைத்த நிகழ்வுகள் அரிதாக உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியைக் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கட்டைவிரல் சந்திலும் கணுக்காலுக்கு மேலேயும் உள்ள சில புள்ளிகளை வைத்தியர்களே பரம்பரையாகத் தவிர்க்கிறார்கள், கர்ப்பத்தை மறைக்காதீர்கள். உண்மையான செலவு தவணையில் இருக்கிறது. ஒருமுறை என்று போனால் பத்து முறைப் பொட்டலமாக விற்கப் பார்ப்பார்கள். நான்கு முறைக்குள் எதுவும் மாறாவிட்டால் நான் ஐந்தாவதற்குப் போகமாட்டேன்.

தோலில் கிண்ணங்களைக் கவிழ்த்து உறிஞ்சும் கப்பிங், தோலைச் சுரண்டித் தேய்க்கும் குவா ஷா போன்றவற்றையும் இதனோடு சேர்த்தே கேட்கிறார்கள். தசைப் பிடிப்புக்கு இதமாக இருக்கும், தோல் கன்றிப்போகும். இரத்தம் நீர்க்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டாம்.

## கஷாயம்

சீன மருத்துவத்தின் நடுநாயகம் இதுதான், அதிகம் யோசிக்க வேண்டியதும் இதுதான். பழைய மருந்துக்கடையில் சீட்டைக் கொடுத்தால், கடைக்காரர் சுவரளவு இழுப்பறைகளில் ஒன்றொன்றாகத் திறந்து, கைத்தராசில் நிறுத்து, விரித்த காகிதங்களில் பங்கு பிரித்துப் போடுவார். வீட்டில் மண்சட்டியில் அரைமணி ஊறவைத்து, கொதிக்கவிட்டு, தணலைக் குறைத்து ஒரு கிண்ணமாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. சிப்பி ஓடு முதலில் போகும், புதினா கடைசியில். நெடி அடுத்த வீடு வரை எட்டும். இப்போது பல கிளினிக்குகள் வெந்நீரில் கரைக்கும் துகள்களாகவே தந்துவிடுகின்றன.

மண்ணீரலுக்கான அடிப்படைக் கலவையில் ஜின்செங், பாய்ஜு என்ற கிழங்கு, ஃபூலிங், அதிமதுரம் என்று நான்கு பொருள்கள். வைத்தியர் உங்கள் கணிப்புக்கேற்ப அதில் கூட்டிக் குறைப்பார். அங்கேதான் என் முதல் கேள்வி கடிக்கிறது. உணவிலும் பயிற்சியிலும் ஊசியிலும் கணிப்பு பிசகினால் பெரிய இழப்பு இல்லை. கஷாயமோ முழுக்க முழுக்கக் கணிப்பின்மேல் நிற்கிறது, வேலை செய்யும் இரசாயனங்களை வாரக்கணக்கில் உள்ளே அனுப்புகிறது. நாம் இருமலுக்குச் சப்புகிற அதே அதிமதுரம் அளவு கூடினால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். முடி கருக்க என்று விற்கும் ஹெ ஷோ வு என்ற வேர் கல்லீரலைத் தாக்கிய நிகழ்வுகள் பல. தன்ஷென், தாங்குய் என்ற மூலிகைகள் இரண்டும் வார்ஃபரினோடு மோதும்.

மிக மோசமான பாடம் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலிவதற்காகக் கொடுத்த கலவையில் ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக, பெயர் நெருங்கிய அரிஸ்டோலோகியா வகை சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது, பலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. பின்னாளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. சிறுநீரகத்தைப் போற்றும் மருத்துவத்தின் பெயரால் சிறுநீரகம் போனது. தவறு மூல நூலில் இல்லை, பொட்டலத்தில் இருந்தது. நோயாளிக்கு அதனால் என்ன ஆறுதல்?

இந்த இடத்தில் து யூயூவின் பெயரைச் சொல்லாத வைத்தியர் இல்லை. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்டவர், 2015 இல் நோபல் பெற்றவர். நான்காம் நூற்றாண்டின் கெ ஹொங் எழுதிய குறிப்பில், அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைப் பார்த்துத்தான், கொதிக்கவைத்தால் சரக்குக் கெடுகிறதோ என்று அவர் யோசித்தார். குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு பிரித்தபோது வெற்றி கிடைத்தது. பழைய ஏட்டில் பொன் உண்டு என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்தப் பொன்னை எடுத்துக் கொடுத்தது ஆய்வுக்கூடம், கஷாயச் சட்டி இல்லை.

சைவர்களும் முஸ்லிம்களும் வாயைத் திறந்து கேட்டே ஆக வேண்டிய வழி இது. சில்வண்டு உதிர்த்த கூடு, காய்ந்த மண்புழு, கழுதைத்தோல் பசை, மான் கொம்பு எல்லாம் சாதாரணமாகச் சேரக்கூடிய சரக்குகள். சில மூலிகைகளை மதுவில் வதக்கிப் பதப்படுத்துவார்கள். முன்கூட்டிச் சொன்னால் நல்ல வைத்தியர் மாற்றிக் கொடுப்பார்.

அப்படியானால் கஷாயம் எப்போது? நோய் இன்னதென்று மருத்துவமனையில் பரிசோதித்து உறுதியாகி, ஆபத்தானது ஒன்றுமில்லை என்று தெரிந்து, உணவும் பழக்கமும் மாற்றிப் பார்த்தும் தொல்லை நீடிக்கும்போது. அதுவும் பதிவுபெற்ற வைத்தியரிடம், குறுகிய காலத்துக்கு, மருத்துவமனை டாக்டருக்கும் சீன வைத்தியருக்கும் தெரிவித்து. சிறுநீரகமோ கல்லீரலோ ஏற்கெனவே பழுதானவர்கள், கர்ப்பிணிகள், ஐந்தாறு மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் இதிலிருந்து விலகியிருப்பதே நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | கணிப்பு பிசகினால் | ஆதாரம் | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| உணவு | ஏறக்குறைய ஒன்றுமில்லை | குறைவு | சர்க்கரை. பால், தயிர் விலக்கு | லேசான செரிமானத் தொல்லை |
| பயிற்சி | ஒன்றுமில்லை | சமநிலைக்கு நல்லது | தினசரி நேரம் | முதியவர்கள், உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் |
| ஊசி | சிறிது | தலைவலி, நாள்பட்ட வலிக்கு உண்டு | பத்து முறைப் பொட்டலம் | வலிக்காரர்கள் |
| கஷாயம் | பெரிது | கலவைக்குக் கலவை மாறும் | மருந்து மோதல், சைவம்/ஹலால் | பரிசோதனை முடிந்தவர்கள் மட்டும் |

## பணம் கட்டும் முன்

சிங்கப்பூரில் 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீன வைத்தியர்கள் பதிவுபெற வேண்டும். பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஊசி மட்டும் போடப் பதிவுபெற்றவரும், எல்லாம் செய்யப் பதிவுபெற்றவரும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது: சீன வைத்தியர் தரும் விடுப்புச் சான்றை ஏற்றே தீர வேண்டும் என்று முதலாளியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நிறுவனத்தின் விதியைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம் அல்லது கறுப்பு நிறம், விழுங்கச் சிரமம், கண்ணில் மஞ்சள், கால் வீக்கம், ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய வயிற்றுத் தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் நான்கு வழியையும் ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கஷாயச் சீட்டைப் பொறுத்தவரை, மூலிகைகளின் பெயர்களைத் தாவரவியல் பெயரோடு எழுதித் தரும்படி கேளுங்கள். அதைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் கஷாயம் வாங்க வேண்டாம்.